கடைசி மூச்சு வரை படித்த அல்-பிரூனி



இவ்வளவு வயசுக்கு மேல என்ன படிப்பு என்று கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் அறிஞர் அல்-பிரூனியின் கதையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய உஸ்பெகிஸ்தானில் 973-ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். 997-இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. கிரகணம் என்றால் நாம் கதவைச் சாத்திக்கொள்வோம். அவரோ பாக்தாதிலிருந்த அபுல் வஃபா என்ற அறிஞரோடு முன்கூட்டியே பேசிவைத்து, ஆளுக்கோர் ஊரிலிருந்து அதைக் கவனித்தார். இரண்டு ஊரிலும் குறித்த நேரத்தின் வித்தியாசத்தை வைத்தே, ஓர் ஊருக்கு மற்றது எவ்வளவு கிழக்கே என்று கணக்கிட்டுவிட்டார்கள்!

1017-இல் கஜினி முகமது அந்த நாட்டைப் பிடித்து, பிரூனியையும் கஜினிக்குக் கொண்டுபோனார். ஊர் போச்சு, உறவு போச்சு. வேறொருவர் என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார். இவரோ 40 வயசைத் தாண்டிய பிறகு சமஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தார்! பண்டிதர்களிடம் கேட்டுக் கேட்டு, 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அடுத்தவர் மதத்தை இழித்துப் பேசாமல், அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துச் சொன்னார். சுல்தானின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பைப் பாழாக்கியதையும் அவர் மறைக்கவில்லை. எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். பிறகு உச்சியில் நின்று, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். இந்த இரண்டையும் வைத்தே உலகத்தின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

வானநூல் ஒன்றுக்காகச் சுல்தான் மசூத் ஒரு யானைச் சுமை வெள்ளி அனுப்பினாராம். தமக்குத் தேவையில்லை என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டாராம் பிரூனி.

அவருடைய கடைசி நேரத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்வார்கள். பார்க்க வந்த நண்பரிடம் சொத்துப் பங்கீட்டுக் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டார். இந்த நிலைமையிலா என்று நண்பர் தயங்கினார். தெரியாமல் போவதைவிடத் தெரிந்துகொண்டு போவது மேல் அல்லவா என்றார் பிரூனி. விளக்கிவிட்டு நண்பர் தெருவில் இறங்குவதற்குள் வீட்டில் அழுகுரல் கேட்டதாம்.

பெற்றோர்களே! வேலை முடிந்து களைத்து வரும்போது பிள்ளைங்க ஏதாவது கேட்டா, சும்மா இரு என்று அதட்டாதீங்க. மாணவர்களே! இன்று பரிசு கிடைக்கவில்லையே என்று கலங்காதீர்கள். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் ஆசிரியரைக் கேளுங்கள். சாகும் நேரத்திலும் பிரூனி கேட்டாரே, நமக்கென்ன தயக்கம்?