காற்றைப் படித்த சதீஷ் தவான்

குழந்தைகளே! எலவனாசூர்கோட்டை நெடுஞ்சாலையில் லாரி வேகமாகப் போனால் காற்று உங்களைத் தள்ளும் அல்லவா? ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்று என்ன செய்யும் என்று ஆராய்ந்தவர் சதீஷ் தவான்.

1920-ல் ஸ்ரீநகரில் பிறந்தார். 1951-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். காற்றைச் சீறிப் பாயவிட்டு விமான மாதிரிகளைச் சோதிக்கும் ஒலிமிஞ்சு காற்றுச் சுரங்கத்தை நாட்டிலேயே முதலில் அமைத்தார். 1972-ல் இஸ்ரோ தலைவரானார். 2002-ல் மறைந்தார்.

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து 2016-ல் ராக்கெட்டில் பறந்தது ஸ்கிராம்ஜெட் எஞ்சின். ஒலியைப்போல் 6 மடங்கு வேகம்! அதில் விசிறி கிடையாது. எதிர்க்காற்று அந்த வேகத்தாலேயே நெருக்குண்டு உள்ளே புகும். அதில் ஹைட்ரஜன் எரியும். சூடான வாயு பின்னால் பீறிட, எஞ்சின் முன்னே பாயும். 5 விநாடிதான் எரிந்தது. வெற்றி!

அதைக் காண தவான் இல்லை. அவர் போட்ட அடித்தளம் இருந்தது. நீங்களும் இன்றே படிப்பில் அடித்தளம் போடுங்கள், செல்வங்களே!