ஜான் பனியன்

இங்கிலாந்து நாட்டில், பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-ஆம் ஆண்டு ஜான் பனியன் பிறந்தார். தந்தையைப் போலவே ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்தார். அரசு ஏற்ற திருச்சபைக்குப் புறம்பாகச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660-இல் சிறையிடப்பட்டார். இனி உரையாற்றுவதில்லை என்று உறுதி கூறின் அவர் வீடு திரும்பலாம். பார்வையற்ற மகள் மேரியை நினைந்து உள்ளம் உருகினார். எனினும் மனச்சான்றுக்கு மாறாக நடக்க இசைந்திலர். நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்தைப் புரந்தவாறே 12 ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

மண்ணுலக வீட்டைப் பிரிந்த அவர் நெஞ்சம், இறைவனோடு என்றும் வாழும் அழியா வீட்டை அவாவியது. அவ்வேட்கையே, வான்நகர் நோக்கிச் செல்லும் ஒரு பயணியின் கதையாக 1678-இல் நூலுருப் பெற்றது. பனியன் 1688-இல் மறைந்தார். அந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், அவ்வேட்கையைத் தமிழிலும் நிலைபெறச் செய்தது.