தளபதி திம்மையா

ஆண்டர்சன்பேட்டை மாணவர்களுக்குப் படைத்துறை தொலைவில் உள்ள ஒன்றன்று. தங்கவயலில் இயங்கும் பெமல் தொழிற்சாலை, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 1964ஆம் ஆண்டு தோன்றிய நிறுவனத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து வெளிவரும் வண்டிகளுள் படைக்கென்றே செய்யப்பட்டவையும் உண்டு. இன்ன கருவி வேண்டும் எனக் கேட்பது படை. வாங்கலாமா என முடிவு செய்வது அமைச்சர். பணம் ஒதுக்குவது மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம். இந்த ஒழுங்கு 1959ஆம் ஆண்டு ஒரு கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அச்சோதனையின் நடுவில் நின்றவர், இதே கர்நாடக மாநிலத்தின் மேற்கே உள்ள குடகு நாட்டில் பிறந்த கோதண்டேர சுப்பையா திம்மையா.

மடிக்கேரியில் காப்பித் தோட்டக் குடும்பம் ஒன்றில் 1906ஆம் ஆண்டு அவர் பிறந்தார். குன்னூரிலும் பெங்களூரிலும் பள்ளிக்கல்வி பெற்றார். பின்னர் இங்கிலாந்திலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் பயின்று, 1926இல் படை அதிகாரியானார். ஆங்கிலேயர் படையில் பணியாற்றுவது தகுமா என்னும் ஐயம் இளமையில் அவரை வாட்டியது. அலகாபாத்தில் மோதிலால் நேருவைச் சந்தித்தபோது, விடுதலை பெறும் நாட்டுக்குப் பயிற்சி பெற்ற இந்திய அதிகாரிகள் தேவைப்படுவர். ஆதலால் பணியை விட வேண்டா என்று அவர் அறிவுறுத்தியதாகக் கூறுவர். திம்மையா படையிலேயே இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் பகுதியில் போரிட்டார். போர்க்களத்தில் ஒரு பிரிகேடை நடத்திய முதல் இந்தியர் என்னும் பெருமையும் பெற்றார்.

1948ஆம் ஆண்டு காசுமீரப் போரில் லடாக் பகுதிக்குச் செல்லும் வழி எதிரிகளால் அடைபட்டிருந்தது. சோஜிலாக் கணவாய் கடல் மட்டத்திலிருந்து பதினோராயிரம் அடிக்கு மேல் உயர்ந்தது. அவ்வளவு உயரத்திற்கு டாங்கிகள் ஏறக்கூடும் என்று எவரும் கருதவில்லை. திம்மையா அவற்றை மறைவாகக் கொண்டு சேர்த்து, நவம்பர் மாதம் முதல் நாள் கணவாயை மீட்டார். முன்வரிசை டாங்கி ஒன்றில் அவரும் சென்றார். வீரர்கள் அவரை நேசித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1957ஆம் ஆண்டு மே மாதம் அவர் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். மேனன் கூர்மதி படைத்தவர்; பிறர் கருத்தைப் பொறுமையுடன் கேட்கும் இயல்பு அவரிடம் குறைவு. அதிகாரிகளின் பதவி உயர்வில் தம் கருத்துப் புறக்கணிக்கப்படுவதாகவும், வடஎல்லையில் சீனாவால் நேரக்கூடிய இடரைப் பற்றிய எச்சரிக்கை மதிக்கப்படவில்லை என்றும் திம்மையா வருந்தினார். பிரதமர் நேருவிடம் நேரில் முறையிட்டார். அதனை அறிந்த மேனன் சினந்தார். ஆகஸ்டு 31ஆம் நாள் திம்மையா பதவி விலகல் கடிதம் அனுப்பினார். நேரு அவரை அழைத்துப் பேசினார்; கடிதம் திரும்பப் பெறப்பட்டது. எனினும் செய்தி வெளியே கசிந்து, மறுநாள் நாளிதழில் வந்துவிட்டது.

அந்தச் செப்டம்பர் முதல் நாளன்றுதான் பாகிஸ்தானின் அயூப் கான், டெல்லி பாலம் விமான நிலையத்தில் நேருவைச் சந்தித்தார். அயூப் கான் தளபதியாக இருந்து, முந்திய ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றியவர். அண்டை நாட்டில் அவ்வாறு நிகழ்ந்திருக்க, இந்தியத் தளபதியின் கடிதம் தலைநகரில் கலக்கத்தை உண்டாக்கியதில் வியப்பில்லை. செப்டம்பர் 2ஆம் நாள் நேரு மக்களவையில் பேசினார். மக்களாட்சி அரசே படைக்கு மேலானது என்பதை உறுதிப்படுத்தினார். தளபதியின் குறைகள் பெரும்பாலும் மனப்போக்கு வேறுபாட்டால் எழுந்தவை என்று கூறி, அவர் விலக முற்பட்டதையும் குறை கூறினார். அது திம்மையாவுக்கு நேர்ந்த தலைகுனிவே. வீரர்களின் அன்பு அவர் பக்கம் இருந்தது. நாளிதழ்களுள் சிலவும் அவரை ஆதரித்தன. அவரோ அந்த ஆதரவைக் கருவியாக்கவில்லை. இரண்டாம் முறை கடிதம் எழுதவும் இல்லை. 1961 மே வரை பணிபுரிந்து, காலம் முடிந்ததும் ஓய்வு பெற்றார்.

அவருடைய கவலை வீணானதன்று. 1962ஆம் ஆண்டு சீனப்போரில் இந்தியா தோற்றது. விரைவாகப் பதவி உயர்வு பெற்ற பி. எம். கவுல் வடகிழக்கு எல்லையில் படை நடத்தித் தோல்வியுற்றார். மேனன் அமைச்சரவையிலிருந்து விலக நேர்ந்தது. முடிவெடுக்கும் உரிமை அமைச்சருக்கு உண்டு என்பதனால், அறிவுரையைக் கேளாமல் விடுவதன் விலை குறைந்துவிடுவதில்லை. அவ்விலையைப் பனிமலையில் வீரர்கள் கொடுத்தனர்.

1964இல் ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் தளபதியாகத் திம்மையா சைப்பிரசுத் தீவுக்குச் சென்றார். கிரேக்கரும் துருக்கியரும் பகைத்து நின்ற அத்தீவில் இரு தரப்பினரும் அவரை நம்பினர். அங்கே பணியில் இருக்கும்போதே 1965 டிசம்பர் 18ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். சைப்பிரசு அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் உடல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. மடிக்கேரியில் அவர் வளர்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.