விண்ணிற் சென்ற வீர நங்கை

திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு அண்மையில் சிறுவாச்சூர் என்னும் ஊர் உள்ளது. மதுரகாளியம்மன் திருக்கோயிலாற் பெயர்பெற்ற ஊர் அது. திங்களும் வெள்ளியும் அக்கோயிலுக்கு வரும் அடியார் கூட்டம் பெரிது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாள், அவ்வூர் இளைஞர் சிலர் கொட்டரை என்னும் சிற்றூருக்கு மட்டைப்பந்து ஆடச் சென்றனர். ஆட்டம் முடிந்தபின் அங்குள்ள நீர்த்தேக்கத்தில் நீராட இறங்கினர். மழையால் நீர் மிகுந்து ஆழம் பெருகியிருந்தமை அவர்களுக்குத் தெரியவில்லை. நால்வர் நீரில் மூழ்கித் தத்தளித்தனர்.

துணி துவைத்துவிட்டு வீடு திரும்பவிருந்த பெண்கள் மூவர் அதனைக் கண்டனர். ஊருக்குள் ஓடி ஆள் அழைத்துவரப் பொழுதில்லை. கயிறு தேடவும் வழியில்லை. அவர்கள் சிறிதும் தயங்காது, தாம் உடுத்தியிருந்த சேலைகளையே களைந்து நீரில் வீசினர். அவற்றைப் பற்றிக்கொண்டு இருவர் கரையேறினர். ஏனைய இருவரைக் காக்க இயலவில்லை. பிழைத்த இருவரை எண்ணி ஊரார் ஆறுதல் கொண்டனர். இழந்த இருவரை எண்ணிக் கண்ணீர் விட்டனர்.

அவ்வாண்டு விடுதலைத் திருநாளன்று தமிழ்நாட்டரசு அப்பெண்கள் மூவருக்கும் விருது வழங்கிச் சிறப்பித்தது. துணிவுமிக்க செயல் புரிந்த பெண்டிர்க்கு அளிக்கப்பெறும் அவ்விருதின் பெயர் கல்பனா சாவ்லா விருது என்பதாகும். கல்பனா தமிழ்நாட்டிற் பிறந்தவர் அல்லர். வடநாட்டிற் பிறந்து, அமெரிக்க நாட்டில் வாழ்ந்து, நீங்கள் பிறப்பதற்கு முன்னரே மறைந்தவர். குளக்கரையிற் காட்டிய துணிவுக்கு விண்ணிற் பறந்த ஒருவர் பெயரைச் சூட்டியது ஏன்? அவர் வரலாற்றை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

அரியானா மாநிலத்தில் கர்னால் என்னும் நகரம் உண்டு. அந்நகரில் பனாரசி லால் சாவ்லா, சஞ்யோதி என்னும் பெற்றோருக்கு நான்கு மக்களுள் இளையவராய், 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் கல்பனா பிறந்தார். நாட்டுப் பிரிவினையின்போது உடைமைகளை இழந்து, எல்லை கடந்து வந்து, உழைப்பினால் மீண்டும் தலையெடுத்த குடும்பம் அது. பள்ளியிற் சேர்த்தபோது, கூறப்பட்ட பெயர்கள் சிலவற்றுள் கல்பனா என்னும் பெயரை அக்குழந்தை தானே தேர்ந்துகொண்டதாகக் கூறுவர். அச்சொல்லுக்குக் கற்பனை என்பது பொருள்.

கர்னாலில் வானூர்திப் பயிற்சிக் கழகம் ஒன்று இருந்தது. அங்கிருந்து எழும் சிற்றூர்திகள் வீட்டுக் கூரைகளுக்கு மேலே தாழப் பறந்து செல்லும். கல்பனா அவற்றை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தார். பெண்பிள்ளைகள் பலர் பொம்மைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்த வயதில், அவர் தாளில் வானூர்திகளை வரைந்துகொண்டிருந்தார்.

அக்காலம் மாந்தர் விண்ணகம் புகத் தொடங்கிய காலம். கல்பனா பிறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், 1961-ஆம் ஆண்டு ஏப்பிரல் 12-ஆம் நாள், சோவியத்து நாட்டு யூரி ககாரின் 108 நிமிடங்களில் உலகை ஒருமுறை சுற்றிவந்தார். கல்பனா ஒரு வயதுக் குழந்தையாயிருந்தபோது, 1963-இல், வாலண்டீனா தெரஷ்கோவா விண்ணிற் சென்ற முதற்பெண் ஆனார். கல்பனாவின் ஏழாம் வயதில், 1969-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமெரிக்கராகிய ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் அடிவைத்தனர். இங்ஙனம் அவருடைய பிள்ளைப் பருவமும் விண்வெளிப் பயணமும் ஒருங்கே வளர்ந்தன.

பள்ளிப் படிப்பை முடித்ததும் கல்பனா சண்டிகாரில் உள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரிக்குச் சென்றார். வானூர்திப் பொறியியலே வேண்டும் என்றார். பெண்களுக்கு அத்துறையில் வேலை கிடைத்தல் அரிது என்றும், வேறு துறையைத் தேர்தல் நன்று என்றும் அறிவுரை கூறினர். கல்பனா தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. தம் வகுப்பில் அத்துறை பயின்ற பெண் அவர் ஒருவரே. 1982-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றதும் மேற்படிப்பிற்காக அமெரிக்கா சென்றார். 1984-ஆம் ஆண்டில் டெக்சாசுப் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் கல்விக்கூடத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேதான் ராகேஷ் சர்மா சோவியத்து விண்கலத்திற் சென்று, விண்ணேகிய முதல் இந்தியர் என்னும் புகழை எய்தினார். 1988-இல் கல்பனா கொலராடோப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இதற்கிடையே, 1983-ஆம் ஆண்டில், வானூர்திப் பயிற்சியாளராகிய ழான் பியேர் ஆரிசன் என்பாரை மணந்தார். தாமும் வானூர்தி ஓட்டக் கற்று, பிறர்க்குக் கற்பிக்கும் தகுதியும் பெற்றார்.

பின்னர் நாசா என்னும் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற் பணியேற்றார். பறக்கும் ஊர்தியைச் சூழ்ந்து காற்று எவ்வாறு பாய்கிறது என்பதைக் கணினியாற் கணித்தறிவது அவர் பணியாயிற்று. 1991-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1994-ஆம் ஆண்டு திசம்பரில் விண்வெளி வீரராவதற்கு நாசா அவரைத் தேர்ந்தெடுத்தது.

1997-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் கொலம்பியா என்னும் விண்ணோடம் கல்பனாவையும் வேறு ஐவரையும் ஏற்றிக்கொண்டு விண்ணில் எழுந்தது. விண்ணோடம் என்பது உந்துகணையைப் போல மேலெழுந்து, உலகைச் சுற்றி, சிறகுடைய ஊர்தியைப் போலத் தரையில் இறங்கும் கலமாகும். இந்தியாவிற் பிறந்த பெண்களுள் விண்ணிற் சென்ற முதல்வர் கல்பனாவே.

அப்பயணத்தில் அவருக்கு ஒரு சோதனை நேர்ந்தது. கதிரவனின் புறவெளியை ஆராயும் செயற்கைக்கோள் ஒன்றை, விண்ணோடத்தின் இயந்திரக் கையினால் எடுத்து வெளியில் விடுதல் அவர் கடமை. அவ்வாறே விட்டார். ஆயின் செயற்கைக்கோள் இயங்கவேண்டிய முறையில் இயங்கவில்லை. அதனை மீண்டும் பற்ற முயன்றார், பிடி நழுவியது, செயற்கைக்கோள் சுழலத் தொடங்கியது. மூன்று நாட்களுக்குப்பின் உடன்சென்ற வீரர் இருவர் கலத்திற்கு வெளியே வந்து, கைகளாலேயே அதனைப் பற்றி மீட்டனர்.

உலகம் முழுவதும் நோக்கியிருக்க நேர்ந்த பிழை அது. பழி கல்பனாவின்மீது விழுந்தது. பல்லாண்டு முயன்று பெற்ற வாய்ப்பு ஒரு நொடியிற் பழியாக மாறினால் எவர் உள்ளமும் தளரும். கல்பனா பயணம் முடியும்வரை எஞ்சிய பணிகளைச் செவ்வனே செய்தார். விண்ணோடம் உலகை 252 முறை சுற்றித் திசம்பர் 5-ஆம் நாள் தரையிறங்கியது. அதன்பின் ஐந்து திங்கள் ஆய்வு நடந்தது. கணினி நிரலின் அமைப்பிலும், கலத்திலுள்ளோரும் தரையிலுள்ளோரும் பின்பற்றிய நடைமுறைகளிலும் குறைகள் இருந்தன என்பது தெளிவாயிற்று. பழி நீங்கியது. 2000-ஆம் ஆண்டில் நாசா அவரை இரண்டாம் பயணத்திற்கும் தேர்ந்தெடுத்தது.

புகழ் வந்தபின்னும் அவர் தம் பள்ளியை மறக்கவில்லை. ஆண்டுதோறும் அப்பள்ளி மாணவர் இருவர் நாசாவிற்கு வந்து கண்டு கற்க வழிசெய்தார். சிறிய ஊரிலிருந்து தாம் ஏறிய ஏணியைப் பின்வருவோர்க்கும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம் போலும்.

இரண்டாம் பயணம் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் தொடங்கியது. அதே கொலம்பியா, தலைவர் இரிக்கு அசுபண்டு உட்பட எழுவர். அவர்கள் இரு குழுவாகப் பிரிந்து, இரவு பகல் பாராது, ஏறத்தாழ 80 ஆய்வுகளைச் செய்தனர். ஆனால் கலம் மேலெழுந்த 82-ஆம் நொடியிலேயே கேடு விளைந்துவிட்டது. எரிபொருட் கலத்தின் மேற்புறத்தினின்றும் நுரைப்பொருட்டுண்டு ஒன்று கழன்று இடச்சிறகின் முன்விளிம்பில் மோதியது. அதன் நிறை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. மெல்லிய பொருளாயினும், மிக்க விரைவோடு மோதினால் வலிய பொருளையும் உடைத்துவிடும்.

அம்மோதலைப் படத்தில் கண்ட பொறியாளர் சிலர் ஐயுற்றனர். விண்ணிலிருக்கும் கலத்தின் சிறகைப் படமெடுத்துப் பார்த்தல் வேண்டும் என்றனர். மேலாளர்கள் அது தேவையில்லை எனக் கருதினர். முன்னரும் நுரைத்துண்டுகள் விழுந்ததுண்டு, கேடொன்றும் நேர்ந்ததில்லை, ஆதலின் இம்முறையும் நேராது என நம்பினர்.

2003-ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள் கொலம்பியா தரைநோக்கித் திரும்பியது. காற்றுமண்டலத்தைக் கிழித்து வரும்போது சிறகின் விளிம்பு 1,500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கவேண்டும். உடைந்திருந்த இடத்தின் வழியே அவ்வெப்பம் சிறகினுள் புகுந்தது. தரையிறங்க ஏறத்தாழ 16 நிமிடங்களே இருந்தபோது, டெக்சாசு வானத்தில் 60 கிலோமீட்டர் உயரத்தில் கலம் சிதறியது. எழுவரும் மாண்டனர். கல்பனாவுக்கு அப்போது 40 வயது. இறங்குதுறையில் காத்திருந்த உற்றார் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர், கலம் வரவில்லை. கர்னாலில் அவருடைய பள்ளிப் பிள்ளைகள் கொண்டாடக் கூடியிருந்தனர், மகிழ்ச்சி அழுகையாயிற்று.

அவர் மறைந்த நான்காம் நாள், முன்னாண்டில் சிறீஅரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்டிருந்த இந்திய வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா எனப் பெயரிடப்பட்டது. பல்லாண்டுகள் அது முகில்களின் போக்கை நம் நாட்டிற்கு அறிவித்துவந்தது. தமிழ்நாட்டரசின் விருதும் அவர் பெயரால் ஏற்பட்டது.

மாணவர்களே, அவ்விபத்தினால் விண்வெளிப் பயணம் நின்றுவிடவில்லை. அதனை ஆராய்ந்த குழு, நுரைத்துண்டை மட்டும் குறைகூறவில்லை. ஐயத்தைச் செவிமடுக்காத பழக்கத்தையும் அதற்கு நிகரான காரணமாகக் காட்டியது. விண்ணோடங்கள் இரண்டாண்டுக்கு மேல் நிறுத்திவைக்கப்பட்டன. மீண்டும் பறந்தபோது, விண்ணை அடைந்ததும் கலத்தின் வெப்பக் காப்பினைச் சோதிக்கும் முறை வந்தது. 2011-இல் விண்ணோடங்கள் ஓய்வு பெற்றன.

நம் நாடும் இன்று ககன்யான் என்னும் திட்டத்தால் தன் சொந்தக் கலத்தில் வீரரை விண்ணுக்கு அனுப்ப முனைந்துள்ளது. அதற்குரிய பொறிகள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியிற் சோதிக்கப்பெற்றன. இடர் நேர்ந்தால் வீரரைக் காக்கும் அமைப்பு 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஆளில்லாமற் சோதிக்கப்பட்டது. அன்று கிளம்ப ஐந்து நொடிகளே இருந்தபோது, கணினி ஒரு குறையைக் கண்டு உந்துகணையை நிறுத்தியது. அறிஞர்கள் குறையைக் கண்டு களைந்து, அன்று காலையே மீண்டும் செலுத்தி வெற்றி கண்டனர். 2025-ஆம் ஆண்டில் சுபான்சு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடைந்த முதல் இந்தியர் ஆனார். 2035-க்குள் நமக்கென ஒரு விண்வெளி நிலையமும், 2040-க்குள் நிலவில் இந்தியர் அடிவைப்பும் வேண்டும் என்பது நம் நாட்டின் குறிக்கோள்.

அக்கலங்களிற் செல்வோர் உங்களைப் போன்ற பிள்ளைகளுள் இருப்பர். அவர்களுக்குக் கல்பனாவின் வரலாறு இரண்டு செய்திகளை விட்டுச்சென்றுள்ளது. பழி நேர்ந்தவிடத்தும் கடமையை விடாது நிற்றலே துணிவு என்பது ஒன்று. சிறு குறையையும் கண்டவுடன் எடுத்துரைத்தலும், எடுத்துரைப்பவர் சொல்லைக் கேட்டலும் துணிவே என்பது மற்றொன்று. முன்னது பறப்பவர்க்கு வேண்டும். பின்னது தரையில் நிற்பவர்க்கு வேண்டும்.

கொட்டரையில் கரையில் நின்ற பெண்கள் மூவரும், தமக்கென்ன என்று போகவில்லை; கண்டதும் கைகொடுத்தனர். விண்ணிலும் நீரிலும் இடர் ஒன்றே. அதனை எதிர்நோக்கும் உள்ளமும் ஒன்றே. ஆதலின் அவர்களுக்கு அளித்த விருது கல்பனாவின் பெயரைத் தாங்கியிருத்தல் மிகப் பொருத்தமேயாம்.