சர் ஹியூ லோவும் பேராக்கின் முதல் தண்டவாளமும்

பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு இரப்பர் மரமும் இரயில் பாதையும் பழகிய காட்சிகள். இவ்விரண்டும் இம்மண்ணில் கால்கொண்ட நாளில் இங்கு ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் சர் ஹியூ லோ. ஈப்போவில் இன்று சுல்தான் இஸ்கந்தர் சாலை என வழங்கும் தெரு, முன்னாளில் அவர் பெயரைத் தாங்கியிருந்தது.

ஹியூ லோ 1824ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். அவர் தந்தையார் செடிகொடிகளை வளர்த்து விற்பவர். தந்தையின் தொழிலறிவோடு, இருபது வயதளவில் அரிய செடிகளைத் தேடிப் போர்னியோவுக்கு வந்தார். 1851இல் கினபாலு மலையில் ஏறினார். அதன் மிக உயர்ந்த முனையை அவர் அடையவில்லை. ஆயினும் அம்முனை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1877இல் அவர் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆனார். முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875இல் கொல்லப்பட்டதால் நாடு கலங்கியிருந்த காலம் அது. லோ மலாய் மொழியை நன்கு கற்றவர்; மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேசினார். மலாய்த் தலைவர்களும் சீனத் தலைவர்களும் அமர்ந்த மாநில மன்றத்தைக் கலந்து ஆட்சி நடத்தினார். கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகளை நட்டு வளர்த்தார்.

அக்காலத்தில் லாருட் பகுதியின் ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது. ஆகவே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஏறத்தாழ 8 மைல் நீளத்தில் இரயில் பாதை போடப்பட்டது. 1885 ஜூன் முதல் நாள் திறக்கப்பட்ட இதுவே மலாயாவின் முதல் இரயில் பாதை. இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைத் தொழிலாளர்கள் இதில் உழைத்தனர். அவர்களுள் தமிழர் பலர்.

தண்டவாளம் பதிப்பது எளிய வேலையன்று. முதலில் மண்ணைக் கொட்டி மேடாக்கி இறுக்க வேண்டும். அதன்மேல் சரளைக்கல் பரப்ப வேண்டும். கல் பாரத்தைப் பரப்பும், மழைநீரை வடியவிடும். பிறகு சிலிப்பர் கட்டைகளை வரிசையாக இட்டு, அவற்றின்மேல் இரு தண்டவாளங்களையும் சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் பொருத்த வேண்டும். இடைவெளி தவறினால் வண்டி தடம் புரளும். வெயிலில் இரும்பு நீளும். எனவே இணைப்புகளில் சிறு இடம் விடப்பட்டது.

மாணவர்கள் விளையாடும் மின்சாரப் பொம்மை இரயிலுக்கும் இத்தகைய ஒழுங்கு வேண்டும். இணைப்பு இறுக்கமாக இல்லையேல் மின்சாரம் தடைப்படும். பொதுவாக ஒரு தண்டவாளத்தின் வழியே செல்லும் மின்சாரம் மற்றொன்றின் வழியே திரும்பும். எனவே இரண்டையும் ஒரே கம்பி தொட்டுவிடக் கூடாது.

லோ 1889இல் ஓய்வு பெற்றார். 1905இல் இத்தாலியில் மறைந்தார். அவர் பெயர் மலைமுனையில் நிலைத்தது. சேற்றில் நின்று கட்டை சுமந்தவர்களின் பெயரை எந்தப் பலகையும் சொல்லவில்லை. அந்தப் பாதையும் இன்று இல்லை. ஆனால், கோல செபெத்தாங் எனப் பெயர் மாறிய போர்ட் வெல்டில் எஞ்சியுள்ள பழைய நிலையப் பலகையில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று அதைக் காட்டுவார்களாக. தலைவர்களின் வரலாற்றைப் படிக்கும் நாம், நம் முன்னோரின் உழைப்பையும் சேர்த்துப் படிப்போம்.