சந்திராவின் காந்தப் பத்தாண்டு

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே ஓர் எண்தான் ஞாபகம் வரும்: 1.4. சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் ஒரு வெண்குள்ளன் விண்மீன் தாக்குப்பிடிக்காது என்று கணக்குப் போட்டவர். 1983-இல் நோபல் பரிசு வாங்கியவர். புதிர்ப்போட்டிக்கு இது போதும். ஆனா, ஸ்கூடாயில் பொறியியல் படிக்கும் எனக்கு அவர் நெருக்கமானது வேறொரு வேலையால்.

1910-இல் லாகூரில் பிறந்தார். வளர்ந்தது சென்னையில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. சர் சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. 1930-இல் இங்கிலாந்து போக உபகாரச் சம்பளம் கிடைத்தபோது அம்மா சீதாலட்சுமி கடும் நோயில் படுத்திருந்தார். மகனுக்குப் போக மனமில்லை. அம்மாதான் பிடிவாதமாக அனுப்பி வைத்தார். மறுவருடம் அம்மா இறந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். வெளியூரில் தங்கிப் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கப்பலில் போகும்போதே, 19 வயதில், அந்த 1.4 கணக்குக்கு விதை போட்டுவிட்டார். 1935 ஜனவரியில் லண்டனில், வானியலில் அப்போது பெரிய மனிதரான எடிங்டன், சபை நடுவே அதைக் கேலி செய்தார். சந்திராவுக்கு வயது 24. எதிர்த்துப் பேச வந்தவர் யாருமில்லை. அவர் என்ன செய்தார்? தெரிந்ததையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு, வேறு துறைக்குப் போய்விட்டார்! பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு துறை, கிட்டத்தட்ட பத்து வருடம், ஒரு தடிமனான புத்தகம், அடுத்த துறை.

1950களில் அவர் எடுத்துக்கொண்டது பிளாஸ்மாவும் காந்தப்புலமும். அப்போது அவர் அமெரிக்காவில், சிகாகோ பல்கலைக்கழகத்தில். அங்கே என்ரிகோ ஃபெர்மியுடன் பேசிப் பேசி, 1953-இல் இருவரும் சேர்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

விஷயம் இதுதான். தெப்ராவ் நீரிணையில் காற்று வேகமாக அடித்தால் தண்ணீரில் அலை எழும், இல்லையா? வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு படலங்கள் உரசினால், நடுவிலுள்ள எல்லை நெளிந்து சுருளும். பூமிக்கு வெளியேயும் இதே கதைதான். சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் பிளாஸ்மா காற்று வீசுகிறது. நம் பூமியின் காந்தப்புலம் சூரியன் பக்கம் சுமார் 60,000 கிலோமீட்டர் தொலைவில் அதைத் தடுத்து ஒதுக்கிவிடுகிறது. அந்த எல்லை எப்போது நெளியும், எப்போது நெளியாது?

காந்தக் கோடுகளை இழுத்துக் கட்டிய வீணைக் கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தின் திசையிலேயே கம்பி இருந்தால், எல்லை நெளிய வேண்டுமானால் கம்பியும் வளைய வேண்டும். அது விடாது. ஓட்டத்துக்குக் குறுக்கே இருந்தால் கம்பி வளையாமலே அலை எழும். கம்பியின் இறுக்கத்துக்கு எவ்வளவு வேகம்வரை தாங்கும் என்பதைச் சந்திரா 1961-இல் வந்த 'ஹைட்ரோடைனமிக் அண்ட் ஹைட்ரோமேக்னடிக் ஸ்டெபிலிட்டி' நூலில் படிப்படியாகக் காட்டுகிறார். 650 பக்கத்துக்கு மேல். விண்கலங்கள் அப்போதுதான் அந்த எல்லையை எட்டத் தொடங்கியிருந்தன. பின்னாளில் பூமியில் மட்டுமல்ல, புதன், சனி ஆகியவற்றின் காந்த எல்லைகளிலும் சுருள் அலைகள் பதிவாகின. இன்றும் அந்த ஆய்வுகளில் இந்தப் புத்தகத்தின் பெயர் வருகிறது. கணக்கு கஷ்டம்தான், ஆனா எந்த வரியையும் தாண்டிக் குதிக்க மாட்டார்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. காந்தப்புலம் எப்போதும் அடக்கி வைக்காது. உள்ளே வேகமாகவும் வெளியே மெதுவாகவும் சுழலும் பாய்மத்தில், பலவீனமான காந்தப்புலமே கலகத்தைக் கிளப்பிவிடும். ரஷ்யாவில் வெலிகோவ் 1959-இலும் சந்திரா 1960-இலும் இதைக் காட்டினார்கள். முப்பது வருடம் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. 1991-இல் பால்பஸ், ஹாலி என்ற இருவர், கருந்துளைகளைச் சுற்றும் வாயுத் தட்டு ஏன் உள்நோக்கி விழுகிறது என்ற பழைய புதிருக்கு இதுவே விடை என்று காட்டினார்கள். அப்போது சந்திராவுக்கு 80 வயது. அவரோ அதை எப்போதோ விட்டுவிட்டு, நியூட்டனின் பிரின்சிபியாவில் மூழ்கியிருந்தார். அந்தப் புத்தகம் 1995-இல் வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் காலமானார்.