ஒளிப்படக் கலைஞர் லயனல் வெண்ட்

தலைநகரிற் கல்வி பயின்ற அல்லது உத்தியோகம் பார்த்த எம் பழைய மாணவர் பலர், கொழும்பு கில்போட் கிறெசென்றில் உள்ள லயனல் வெண்ட் அரங்கில் ஒரு நாடகமேனும் பார்த்திருப்பர். அரங்கின் பெயரைச் சொல்வோர் பலர். அப்பெயருக்குரியவர் என்ன தொழில் செய்தார் என அறிந்தோர் சிலரே. 1953 டிசம்பரில் அரங்கு திறக்கப்பட்டபோது அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அது எழுந்த நிலம் அவர் வாழ்ந்த வீட்டு வளவாகும். அன்னார் நாற்பத்து நான்கு ஆண்டுகளே வாழ்ந்தவர். அக்குறுகிய காலத்திற் சட்டங் கற்று அதனை விடுத்தார்; சங்கீதங் கற்பித்தார்; ஒளிப்படத்தாற் பெயர் நிலைபெற்றார்.

மட்டக்களப்பு வாசகருக்குப் பறங்கியர் சமூகம் புதியதன்று. தச்சுத் தொழிலும் இரும்பு வேலையும் கைவந்தவராய், வயலின் இசையோடு கூடிய ஆடலுக்கும் போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவத்துக்கும் உரியவராய் வாவிக்கரையில் வாழ்ந்துவரும் மக்கள் அவர்கள். வெண்ட் பிறந்தது அச்சமூகத்தின் மற்றொரு கிளையாகிய கொழும்பு ஒல்லாந்தப் பறங்கியர் குடியில், 1900ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆந் திகதி. தந்தையார் ஹென்றி லொறென்ஸ் வெண்ட் சுப்பிரீம் கோட்டு நீதியரசர். சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்தவர். 1906இல் இலங்கையில் ஒளிப்பட ஆர்வலர் சங்கம் ஒன்று தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவராகவும் அவர் விளங்கினார். ஆகவே கமரா என்னும் கருவி மைந்தனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே பழகியிருந்தது. எனினும் இருபது வயது நிறையுமுன் பெற்றோர் இருவரையும் அவர் இழந்துவிட்டார்.

சென் தோமஸ் கல்லூரிப் படிப்பை முடித்து இங்கிலாந்து சென்றவர், குடும்ப வழக்கப்படி இன்னர் டெம்பிளிற் சட்டம் பயின்றார். ஆனால் மனம் முழுவதும் பியானோவில் இருந்தது. லண்டன் றோயல் அக்கடமியிற் சங்கீதமும் கற்று, எமது கல்லடிப் பாலம் திறக்கப்பட்ட அதே 1924இல், நியாயவாதியாகவும் பியானோக் கலைஞராகவும் தாய்நாடு திரும்பினார். நீதிமன்றத்தில் அவர் நின்ற காலம் சொற்பம். தந்தையின் பெயரும் செல்வாக்கும் திறந்து வைத்திருந்த வாயிலில் நுழையாது, பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்தும் கச்சேரி செய்தும் வாழத் துணிந்தார். உத்தியோகமே வாழ்வின் உறுதி என்று பெற்றோர் எண்ணிய அந்நாளில், அது அற்பமான துணிவன்று. டெபுசி, ராவெல், ஸ்ட்ராவின்ஸ்கி முதலிய புதியோரின் இசையை இந்நாட்டவர் செவிக்குக் கொண்டுவந்தவருள் அவர் முதன்மையானவர்.

கற்பித்தல் அவரிடம் ஒரு தொழிலாக மட்டும் இருந்ததில்லை, இயல்பாகவே இருந்தது. இதற்கு நல்ல சாட்சி, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற சில்லி நாட்டுக் கவிஞர் பப்லோ நெருடா. 1929ஆம் ஆண்டளவில் அவர் தம் நாட்டின் கொன்சலாக வெள்ளவத்தைக் கடற்கரையிற் பேசத் துணையின்றித் தனித்திருந்தார். அவருக்கு ஒரு மூட்டை நூல்களைச் சைக்கிளில் ஆளனுப்பி வாரந்தோறும் கொடுத்துவந்தவர் வெண்ட் என்பதை, நெருடா தம் நினைவுக் குறிப்புக்களில் நன்றியோடு எழுதியுள்ளார். ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் புதுமுறைச் சித்திரங்களைக் கண்டு பலர் நகைத்தபோது, அவற்றைப் பொதுமக்கள் முன் வைக்கவும் விளக்கவும் முன்னின்றவரும் இவரே.

1934இல் பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர், தேயிலைப் பிரசார சபைக்காக ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் படத்தை எடுத்தார். தேயிலையை விளம்பரஞ் செய்யத் தொடங்கிய அப்படம் ஒரு கலைப்படைப்பாக முடிந்ததில் வெண்டுக்குப் பெரும் பங்குண்டு. இடங்களையும் மனிதரையும் காட்டிக்கொடுத்ததோடு, படத்தில் ஒலிக்கும் குரலும் அவருடையதே. அவர் வாசித்தது, 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூற்பகுதிகளை. எமது கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரத்தில் 1660இற் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தவர் நொக்ஸ் என்பது வாசகர் அறிந்ததே. அடுத்த ஆண்டு பிரசல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் அப்படம் முதற் பரிசு பெற்றது.

ஒளிப்படத்தில் அவர் முழு மூச்சாக இறங்கியதும் இக்காலத்திலேயே. றோலிபிளெக்ஸ், லைக்கா என்னும் சிறு கமராக்கள் அப்போது புதியவை. முக்காலிமேற் பெரும் பெட்டியை நிறுத்தி, மனிதரை அசையாது இருத்திவைத்துப் படம் பிடித்த வழக்கத்தை அவை மாற்றின. வெண்ட் அவற்றை ஏந்தி வயல்வெளிகளுக்கும் கடற்கரைகளுக்கும் அநுராதபுரம், பொலநறுவை இடிபாடுகளுக்கும் சென்றார். வாவியில் விடியற்பொழுதில் வீச்சுவலை எறிவோனை எதிர்வெளிச்சத்திற் கண்டவர்க்கு அவர் கண் எதனைத் தேடியது என்பது எளிதில் விளங்கும். முகம் தெரியாது, வலையும் தோளும் நீரின் வெள்ளிப் பளபளப்புமே தெரியும். நீரின் ஒளிக்கு அளவிட்டுப் படமெடுத்தால் மனிதன் கருநிழலாவான். மனிதனுக்கு அளவிட்டால் நீர் வெளிறிப்போகும். எதனை விடுவது என்று கணப்பொழுதில் தீர்மானிப்பதே அக்கலை.

இருட்டறை அவருக்கு இரண்டாவது பியானோவாக இருந்தது எனலாம். படம் மருந்தில் உருப்பெறும்போது ஒரு கணம் வெளிச்சம் காட்டினால், ஒளியும் நிழலும் இடையிடையே தலைகீழாகி, உருவங்களைச் சுற்றி ஒரு கோடு தோன்றும். பாரிசில் மான் ரே கையாண்ட அம்முறையை இங்கே அவர் துணிந்து செய்தார். இரண்டு மூன்று நெகற்றிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார்; சாதாரண அச்சிலும் தாள் நெகற்றிவிலும் பலவாறு முயன்றார். என் மட்டிற் சொல்வதானால், இவ்வித்தைகளிலும் பார்க்க அவருடைய நேரிய படங்களே நெஞ்சில் நிற்பவை. உழைக்கும் ஆடவரின் உடற்கட்டைச் சிற்பம்போற் காட்டியவரும், ஆடையற்ற ஆண் உடலைத் தயங்காது படமெடுத்தவரும் அவர். கல்லூரி மலரொன்றில் இதனைச் சொல்லாது கடந்துபோவது எளிது. அவர் கலையில் அது பெரும்பகுதியாகையால், மறைப்பது நேர்மையன்று.

தாம் கண்டறிந்ததை அவர் பெட்டியிற் பூட்டவில்லை. 1930களின் நடுப்பகுதியில் நண்பர்களோடு சேர்ந்து இலங்கை ஒளிப்படச் சங்கத்தைப் புத்துயிர் பெறச் செய்தார். கண்காட்சிகளை ஒழுங்கு செய்தார். கமரா பழகுவோர்க்காகப் பத்திரிகைகளிற் கட்டுரை எழுதினார். லைக்கா கமராவை ஆக்கிய லைற்ஸ் நிறுவனத்தின் அழைப்பில் 1938இல் அவருடைய படங்கள் லண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்துக்காக ‘சித்ராபோட்டோ’ என்னும் படப்பிடிப்பு நிலையத்தை அமைத்து, கலையைத் தொழிலாகவும் நடத்தினார். வாடிக்கையாளர் வேலைக்கும் கலைக்கும் வெவ்வேறு கண் வேண்டும் என்பாருண்டு. அவரிடம் இருந்தது ஒரே கண்.

1943ஆம் ஆண்டு கலை வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலேதான் எம் விபுலானந்த அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆந் திகதி கில்போட் கிறெசென்றில் வெண்டின் வீட்டில் ஓவியர் சிலர் கூடினர். ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, றிச்சட் கேபிரியல், மஞ்சுசிறி, கொலெற் முதலியோர் சேர்ந்த அக்கூட்டமே ‘43 குழு’ ஆயிற்று. வெண்ட் தூரிகை பிடித்தவரல்லர். ஆயினும் அக்குழுவைக் கூட்டியவரும் தாங்கியவரும் அவரே. ஒருவரோடொருவர் எளிதிற் பொருந்தாத கலைஞரை ஓர் அறையில் இருத்திவைப்பது எத்துணைக் கடினம் என்பதை, பழைய மாணவர் சங்கக் கூட்டம் நடத்தியோர் ஓரளவேனும் அறிவர்.

குழு தோன்றிப் பதினாறு மாதங்கள் கழியுமுன், 1944 டிசம்பர் 19ஆந் திகதி, மாரடைப்பால் அவர் திடீரெனக் காலமானார். மணம் புரிந்தவரல்லர், பிள்ளைகள் இல்லை. அவர் விட்டுச்சென்ற செல்வங்களுள் மிகப் பெரியவை நெகற்றிவ்களே. அவர் மறைந்தபின் அவை அழிக்கப்பட்டன. ஓவியம் எரிந்தால் ஓர் ஓவியம் போகும். நெகற்றிவ் அழிந்தால் அதிலிருந்து இனி எடுக்கக்கூடிய அத்தனை பிரதிகளும் போகும். எஞ்சியவை அவர் தம் கையால் அச்சிட்ட பிரதிகளும் நண்பர்களிடம் இருந்தவையுமே. அவற்றிலிருந்து தெரிந்தெடுத்து 1950இல் லண்டனில் ‘லயனல் வெண்ட்ஸ் சிலோன்’ என்னும் நூல் வெளியிடப்பட்டது. அப்பிரதிகள் பின்னர் பல நாடுகளுக்குச் சென்றன. 2017இல் அம்ஸ்ரடாம் நகரின் ஒளிப்பட அருங்காட்சியகம் அவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தபோது, அங்கே சுவரிலே தொங்கியவை பெரும்பாலும் கில்போட் கிறெசென்று இருட்டறையில் அவரே கழுவி உலர்த்திய தாள்கள்.